பைக் ஓட்டும்போது ஹேண்டில் ஆடுதா? காரணம் என்ன, எங்கே செக் பண்ணணும், எப்படிச் சரிசெய்வது? - முழு விளக்கம்

ஹைவேயில் 70 கி.மீ. வேகத்தில் போய்க்கிட்டு இருக்கீங்க. முன்னாடி டோல்கேட். ஆக்சிலரேட்டரை விடுறீங்க. வேகம் 60, 55, 50 என்று குறையும்போது ஹேண்டில் திடீரென இடமும் வலமும் படபடவென ஆடுகிறது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்ததும் நின்றுவிடுகிறது. "ரோடு சரியில்ல போல" என்று நினைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

பெரும்பாலும் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ல் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் உயிரிழந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். அதாவது 44.5 சதவீதம். அதே ஆண்டில் சாலைப் பள்ளங்களால் நடந்த விபத்துகளில் மட்டும் 1,856 பேர் இறந்திருக்கிறார்கள்.

பள்ளத்தில் விழுந்த அன்றைக்கே எல்லாப் பாதிப்பும் வெளியே தெரிவதில்லை. வளைந்த ரிம், அடி வாங்கிய பேரிங் எல்லாம் சில வாரம் கழித்துத்தான் ஹேண்டில் ஆட்டமாகத் தலைகாட்டும். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? எதை முதலில் பார்க்கணும்?

ஹேண்டில் ஏன் ஆடுகிறது?

சூப்பர் மார்க்கெட் டிராலியைத் தள்ளும்போது முன் சக்கரம் ஒன்று கடகடவென ஆடுவதைப் பார்த்திருப்பீங்க. கிட்டத்தட்ட அதே கதைதான் இங்கேயும்.

பைக்கின் முன் சக்கரம், ஹேண்டில் திரும்பும் அச்சுக்குச் சற்றுப் பின்னால் தரையைத் தொடும்படி அமைக்கப்பட்டிருக்கும். அதனால்தான் ஹேண்டில் லேசாகத் திரும்பினாலும் தானாகவே நேராகிவிடுகிறது. நேராகும்போது கொஞ்சம் தாண்டி அந்தப் பக்கம் போகும், மறுபடி இந்தப் பக்கம் வரும். நல்ல நிலையில் உள்ள பைக்கில் இந்த ஆட்டம் உடனே அடங்கிவிடும். எங்கோ லூஸ், தேய்மானம், கோட்டம் இருந்தால் அடங்காமல் தொடரும். இதுதான் 'வாபிள்'.

சரி, அதென்ன குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஆடுகிறது? பைக்கின் முன்பகுதி நொடிக்குச் சுமார் 4 முதல் 10 தடவை ஆடும் இயல்பு கொண்டது. 18 இன்ச் வீல் 50 கி.மீ. வேகத்தில் நொடிக்குச் சுமார் 7 தடவை சுற்றும். வீலில் கோட்டமோ பேலன்ஸ் குறைவோ இருந்தால், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தள்ளு விழும். ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் ஆட்டம் கூடுவது போல, இங்கேயும் ஆட்டம் கூடுகிறது. வேகம் மாறியதும் அந்தக் கணக்கு தப்பிவிடும், ஆட்டமும் நின்றுவிடும். பைக் சரியாகிவிட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

எப்போது ஆடுகிறது என்பதுதான் முக்கியமான துப்பு

மெக்கானிக்கிடம் போய் "வண்டி ஆடுதுண்ணே" என்று மட்டும் சொன்னால் அவர் கண்ணை மூடிக்கொண்டு ஏதாவது ஒரு பார்ட்டை மாற்ற வேண்டியதுதான். எப்போது, எப்படி ஆடுகிறது என்று கவனித்துச் சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும்.

• வேகம் குறையும்போது, 60-க்கும் 40-க்கும் இடையே ஹேண்டில் மட்டும் படபடப்பது: முன் டயர் தேய்மானம், வீல் பேலன்ஸ், ரிம் கோட்டம், கோன் செட் லூஸ்.

• பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஆடுவது: டிஸ்க் வளைந்திருக்கலாம். அப்படியானால் பிரேக் லீவரும் விரலில் துடிக்கும். 'டக்' என்று சத்தம் வந்தால் கோன் செட் மேல் சந்தேகம்.

• அதிக வேகத்தில் பைக் மொத்தமும் மெதுவாகப் பாம்பு போல நெளிவது: இது 'வீவ்', வேறு பிரச்னை. பின் டயர், ஸ்விங் ஆர்ம் புஷ், பின்னால் ஏற்றிய சுமை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

• டிராஃபிக்கில் மெதுவாகப் போகும்போது நேராக நிற்காமல் அங்கும் இங்கும் அலைவது: முன் டயரில் காற்று குறைவு, அல்லது கோன் செட்டை அளவுக்கு மீறி டைட் வைத்திருக்கிறார்கள்.

• பைக் ஒரே பக்கமாக இழுப்பது: வீல் அலைன்மென்ட், முறுக்கிக்கொண்ட ஃபோர்க், அல்லது விபத்தில் வளைந்த சேசிஸ்.

• டயர் மாற்றிய பிறகோ, பஞ்சர் ஒட்டிய பிறகோ, செயின் டைட் வைத்த பிறகோ ஆரம்பித்தது: அந்த வேலையில்தான் கோளாறு. முதலில் அங்கே போங்க.

வீட்டிலேயே செக் பண்ணுவது எப்படி?

செலவில்லாத விஷயத்தில் ஆரம்பித்து செலவுள்ள விஷயத்துக்குப் போவதுதான் சரியான வரிசை.

1. காற்று: வண்டி ஓடி டயர் சூடாவதற்கு முன் பார்க்க வேண்டும். சிறிய கம்யூட்டர் பைக்குகளில் முன் டயருக்குப் பெரும்பாலும் 25 பிஎஸ்ஐ அளவில்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் மாடலுக்கு மாடல் மாறும். செயின் கவர் அல்லது ஸ்விங் ஆர்மில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் உங்க பைக்குக்கான அளவு இருக்கும். தனியாகப் போவதற்கும் இரண்டு பேர் போவதற்கும் பின் டயர் அளவு வேறு. அதையும் பாருங்க.

2. டயர்: பட்டன் ஒரு பக்கம் அதிகமாகத் தேய்ந்திருக்கிறதா, கையால் தடவினால் மேடு பள்ளமாகத் தெரிகிறதா, பக்கவாட்டில் வீக்கம் இருக்கிறதா என்று பாருங்க. ரிம் ஓரமாக டயரில் சுற்றிலும் ஒரு மெல்லிய கோடு ஓடும். அந்தக் கோட்டுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி சுற்றிலும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒரு இடத்தில் மட்டும் உள்ளே போயிருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை. டயரில் உள்ள நான்கு இலக்க எண் அதன் வயதைச் சொல்லும். 2321 என்றால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பர் வெடித்திருந்தால் அந்த டயர் வேண்டாம்.

3. ரிம்: சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஒருவர் பின் சீட்டை அழுத்திப் பிடிக்க, முன் வீல் தரையை விட்டு எழும்ப வேண்டும். ஃபோர்க்கில் ஒரு பென்சிலை ரிம்முக்கு மிக அருகில் நிற்கும்படி டேப் போட்டு ஒட்டுங்க. வீலைச் சுற்றி விடுங்க. பென்சிலுக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி கூடிக் குறைந்தால் கோட்டம் இருக்கிறது. ஹோண்டாவின் பல மாடல்களுக்கான சர்வீஸ் மேனுவலில் இதற்கு 2 மி.மீ.தான் உச்ச வரம்பு.

4. வீல் பேரிங்: வீலின் மேல் பக்கத்தை ஒரு கையிலும் கீழ்ப் பக்கத்தை இன்னொரு கையிலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்க. லூஸ் தெரிந்தாலோ, சுற்றும்போது கரகரவென்று சத்தம் வந்தாலோ பேரிங் போய்விட்டது.

5. கோன் செட்: வீல் தூக்கியபடியே இருக்கட்டும். இரண்டு ஃபோர்க்கின் அடிப்பகுதியையும் பிடித்து முன்னும் பின்னும் இழுங்க. 'டக் டக்' என்று ஆடினால் லூஸ். அடுத்து ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாக இடமிருந்து வலம் திருப்புங்க. சரியாக நடுவில் வரும்போது பள்ளத்தில் விழுவது போல 'கடித்து' நின்றால் கோன் செட் தேய்ந்துவிட்டது.

6. ஃபோர்க்: ஆயில் கசிவு இருக்கிறதா? மேலே கிளாம்ப்பில் இரண்டு ஃபோர்க்கும் ஒரே உயரத்தில் நிற்கிறதா? முன் பிரேக்கைப் பிடித்து அழுத்தினால் சீராக இறங்கி ஏறுகிறதா?

7. பின்பக்கம்: ஸ்விங் ஆர்மில் இரண்டு பக்கமும் கோடு போட்டிருக்கும். செயின் அட்ஜஸ்டர் இரண்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். பின் வீலைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தால் ஸ்விங் ஆர்ம் புஷ் லூஸும் தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: ஓடும் பைக்கில் இரண்டு கையையும் விட்டு "ஆடுதா பார்ப்போம்" என்று சோதிப்பது மிக ஆபத்து. வேண்டவே வேண்டாம்.

கோன் செட் ஏன் இவ்வளவு சீக்கிரம் போகிறது?

நம்ம ஊரில் அதிகம் அடிபடும் பார்ட் இதுதான். ஹேண்டில் எளிதாகத் திரும்புவதற்காக மேலும் கீழும் பால்ஸ் வைத்த வளையங்கள் இருக்கும். நாம் பெரும்பாலான நேரம் நேராகத்தான் ஓட்டுகிறோம். அதனால் பள்ளத்தில் விழும் ஒவ்வொரு அடியும் வளையத்தின் அதே இடத்தில்தான் இறங்குகிறது. நாளடைவில் ஒவ்வொரு பாலுக்கும் கீழே ஒரு சின்னக் குழி விழுகிறது. ஹேண்டில் நடுவில் கடிப்பது இதனால்தான்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். குழி விழுந்த கோன் செட்டை 'கொஞ்சம் டைட் வச்சா போதும்' என்று நட்டை இறுக்கிக் கொடுத்துவிடுவார்கள். ஆட்டம் நின்றது போலத் தெரியும். ஆனால் ஹேண்டில் கட்டையாகிவிடும். மெதுவாகப் போகும்போது வண்டி நேராக நிற்காது, வளைவில் திருப்புவதற்குத் தனியாகப் பலம் போட வேண்டியிருக்கும். லூஸ் மட்டும் என்றால் அட்ஜஸ்ட் செய்யலாம். குழி விழுந்திருந்தால் செட்டாக மாற்றுவதுதான் ஒரே வழி. கம்யூட்டர் பைக்குகளில் இந்தப் பார்ட்டின் விலை பெரும்பாலும் சில நூறு ரூபாய்தான். புதிது போட்டு சில நூறு கி.மீ. ஓடிய பிறகு ஒருமுறை டைட் செக் பண்ணிக் கொள்வது நல்லது.

மற்றவற்றை எப்படிச் சரிசெய்வது?

ஸ்போக் வீல் என்றால் கம்பிகளைச் சீராக்கி கோட்டம் எடுத்துவிடலாம். அலாய் வீல் அப்படி இல்லை. அடித்து நிமிர்த்தினால் விரிசல் விட வாய்ப்பு உண்டு. விரிசல் இருந்தால் மாற்றியே ஆக வேண்டும்.

கீழே விழுந்த பிறகு ஹேண்டில் ஒரு பக்கம் கோணலாகத் தெரிந்தால், ஃபோர்க் வளையாமல் கிளாம்ப்பில் முறுக்கிக்கொண்டு மட்டும் இருக்கலாம். கிளாம்ப், ஆக்சில் போல்ட்டுகளை லூஸ் செய்து நேராக்கி மீண்டும் டைட் வைத்தாலே சரியாகிவிடும். சேசிஸே வளைந்திருந்தால் அதற்கான கருவி உள்ள இடத்தில்தான் அளந்து பார்க்க வேண்டும். பழைய பைக் வாங்குபவர்கள் இதில் கவனமாக இருக்கணும்.

பார்ட்ஸ் எல்லாம் நன்றாக இருந்தும் ஆடினால் சுமையைப் பாருங்க. சீட்டுக்கு ரொம்பப் பின்னால் கட்டிய பெரிய பெட்டி, பால் கேன், டெலிவரி பை எல்லாம் முன் வீலின் பாரத்தைக் குறைத்துவிடும். முன் வீல் லேசாக இருந்தால் ஆட்டம் எளிதாகக் கிளம்பும். நாள் முழுக்கச் சுமையோடு ஓட்டும் டெலிவரி ஊழியர்கள் கனமானதை முடிந்தவரை முன்னாடி, கீழே வைத்துக் கட்டுவது நல்லது. கம்பெனி சொன்ன அளவைவிட அகலமான டயர் போடுவதும் சிலருக்கு வினையாகிறது.

ஓடும்போது ஆட ஆரம்பித்தால் என்ன செய்வது?

• முன் பிரேக்கை அழுத்திப் பிடிக்காதீங்க. பாரம் முழுக்க முன்னாடி வந்து ஆட்டம் கூடலாம்.
• ஆக்சிலரேட்டரைச் சட்டென விடாமல் படிப்படியாகக் குறைங்க.
• முழங்காலால் டேங்க்கை இறுக்கிப் பிடித்து, உடம்பைச் சற்று முன்னால் சாயுங்க.
• ஹேண்டிலை உறுதியாகப் பிடிங்க. ஆனால் ஆட்டத்துக்கு எதிராக மல்லுக்கட்டாதீங்க. உங்க கையின் பதற்றமே ஆட்டத்தைக் கூட்டும்.
• வேகம் குறைந்ததும் ஓரமாக நிறுத்தி டயரைப் பாருங்க.

பள்ளத்துக்கு யார் பொறுப்பு?

வண்டியைப் பராமரிப்பது நம்ம பொறுப்பு. ரோட்டைப் பராமரிப்பது? 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவின்படி, சாலை வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பில் விதிகளைப் பின்பற்றாததால் மரணமோ ஊனமோ ஏற்பட்டால், பொறுப்பான அதிகாரி அல்லது ஒப்பந்ததாரருக்கு 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 2025 அக்டோபரில் மும்பை உயர் நீதிமன்றம் ஒரு படி மேலே போய், மகாராஷ்டிராவில் சாலைப் பள்ளத்தால் இறந்தவரின் குடும்பத்துக்கு 6 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உத்தரவிட்டது.

ஆனால் ரிம் வளைந்து, கோன் செட் போய், சில வாரம் கழித்து வேறொரு நல்ல ரோட்டில் ஹேண்டில் ஆடிக் கீழே விழுந்தால், அதை அந்தப் பள்ளத்தோடு சேர்த்து நிரூபிப்பது கடினம். 'வேகமாகப் போனார், விழுந்தார்' என்று முடிந்துவிடவே வாய்ப்பு அதிகம். அதனால் பள்ளத்தில் பலமாக அடி வாங்கினால் அன்றைக்கே படம் எடுத்து வையுங்க. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033, சென்னை மாநகராட்சிச் சாலை என்றால் 1913, மாநில நெடுஞ்சாலைத் துறைச் சாலை என்றால் 'நம்ம சாலை' செயலியில் புகார் பதியலாம்.

புது பைக்கிலேயே ஆட்டம் இருந்தால், வாரன்ட்டி காலத்தில் எந்த வேகத்தில், எப்போது ஆடுகிறது என்பதை ஜாப் கார்டில் எழுதி வாங்குங்க. "எல்லா வண்டியும் அப்படித்தான் சார்" என்ற வாய்வார்த்தைப் பதில் பிறகு எதற்கும் உதவாது. தீர்வு கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்யலாம்.

சுருக்கமாக...

காற்று, டயர், ரிம், பேரிங், கோன் செட், ஃபோர்க், பின்பக்கம். இதுதான் வரிசை. அரை மணி நேரமும், கூடப் பிடிக்க ஒரு ஆளும் இருந்தால் போதும். இறுக்கிப் பிடித்தால் நின்றுவிடும் ஆட்டம் என்பதால் தள்ளிப்போடாதீங்க. ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டோ, இண்டிகேட்டர் போடவோ ஒரு நொடி பிடி தளரும்போதுதான் அது மறுபடி வரும்.