சேரியின் வாக்குக்கு இரகசியம் இல்லையா? செஞ்சித் தொகுதியை முன்வைத்து

ஒவ்வொரு தேர்தலிலும் செஞ்சித் தொகுதியைப் பற்றி ஒரே வாய்பாடு ஒப்பிக்கப்படுகிறது. வன்னியர் வாக்கு இவ்வளவு, தலித் வாக்கு இவ்வளவு, இஸ்லாமியர் வாக்கு இவ்வளவு. கூட்டிக் கழித்தால் வெற்றி இன்னாருக்கு. இந்த வாய்பாட்டில் தலித் மக்கள் ஓர் எண்ணாக மட்டுமே இருக்கிறார்கள். அந்த எண்ணாவது சரியாகக் கணக்கிடப்படுகிறதா என்று பார்ப்போம்.

2008 தொகுதி மறுவரையறைக்குப் பின் செஞ்சி, ஆரணி மக்களவைத் தொகுதிக்குள் அடங்கிய பொதுத்தொகுதி. 2011இல் பாமகவின் கணேஷ்குமார் 2,000க்கும் குறைவான வாக்கு வேறுபாட்டில் வென்றார். அப்போது பாமகவும் விடுதலைச் சிறுத்தைகளும் திமுக கூட்டணியில் ஒன்றாக இருந்தன. 2016இல் பாமக தனித்து நின்றது. சிறுத்தைகள் மக்கள் நலக் கூட்டணியில் இருந்தனர். இருவரும் உடன் இல்லாமலேயே திமுகவின் கே.எஸ்.மஸ்தான் வென்றார். 2021இல் பாமக அதிமுக அணியிலும் சிறுத்தைகள் திமுக அணியிலும் எதிரெதிரே நின்றனர். மஸ்தான் 35,000க்கும் மேற்பட்ட வேறுபாட்டில் பாமகவை வீழ்த்தினார்.

மூன்று தேர்தல்கள், மூன்று வகைக் கூட்டணிகள். ஒரு சாதி என்றால் ஒரு கட்சி என்ற வாய்பாடு 2016லேயே உடைந்துவிட்டது. 2011இன் படிப்பினை இன்னும் கூர்மையானது. அவ்வளவு குறைந்த வேறுபாட்டில் கிடைத்த வெற்றிக்குக் கூட்டணியின் எந்தப் பிரிவினரது வாக்கும் இன்றியமையாததே. ஆனால் அடுத்த ஆண்டே, நாயக்கன்கொட்டாய் வன்முறைக்குப் பிறகு, பாமக தலைமை தலித் அல்லாதோரைத் திரட்டும் அரசியலைக் கையிலெடுத்தது. வாக்குப் பெற்றவர் வாக்களித்தவருக்குக் கடமைப்பட்டவர் என்ற மக்களாட்சியின் அடிப்படை இங்கே செயல்படவில்லை.

பங்கும் கிடைப்பதில்லை. விழுப்புரம் மாவட்டத்தின் ஏழு சட்டமன்றத் தொகுதிகளில் திண்டிவனமும் வானூரும் மட்டுமே தனித்தொகுதிகள். தலித் வேட்பாளரைத் தனித்தொகுதிக்கு வெளியே நிறுத்தப் பெரிய கட்சிகள் தயங்குகின்றன. 2021இல் நாகப்பட்டினம், திருப்போரூர் ஆகிய பொதுத்தொகுதிகளில் சிறுத்தைகள் வென்று காட்டிய பின்னும் அந்தத் தயக்கம் மாறவில்லை.

இனி, தொகுதியிலிருந்து சாவடிக்கு இறங்குவோம். செஞ்சிக்கு வடக்கே, அரங்கநாதர் குடைவரைக் கோயில் உள்ள குன்றின் அடியில் இருக்கிறது சிங்கவரம். இத்தகைய சிற்றூரின் வாக்குகள் சில சாவடிகளுக்குள் அடங்கிவிடும். தமிழ்நாட்டில் ஊரும் சேரியும் பிரிந்தே கிடப்பதால், பல கிராமங்களில் அவற்றின் சாவடிகளும் பிரிந்தே இருக்கின்றன. தலித் மக்கள் அச்சமின்றி வாக்களிக்க அந்தப் பிரிவினை உதவுகிறது. அதை நாம் குறைகூறவில்லை. சிக்கல் எண்ணிக்கையில் தொடங்குகிறது. எந்தச் சாவடியில் எந்த வேட்பாளருக்கு எத்தனை வாக்கு என்பதைப் படிவம் 20 வெளிப்படையாகப் பட்டியலிடுகிறது. தனி ஒருவரின் வாக்கு இரகசியமாக இருக்கிறது. ஒரு சேரியின் வாக்கு ஊரறிந்த செய்தியாகிவிடுகிறது. நிலமும் கூலியும் கடனும் எதிர்த்தரப்பின் கையில் இருக்கும் கிராமத்தில் இதன் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. 1999இல் சிதம்பரம் தொகுதியில் தலித் வாக்காளர்கள் தாக்கப்பட்டதையும், 2019 ஏப்ரல் 18 அன்று பொன்பரப்பியில் தலித் குடியிருப்பு சூறையாடப்பட்டதையும் நாம் மறந்துவிடவில்லை.

சட்டம் இந்த ஆபத்தை அறியாததல்ல. வாக்குச்சீட்டுக் காலத்தில், மிரட்டலோ பழிவாங்கலோ நேரும் என்று தேர்தல் ஆணையம் கருதினால் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணுவதற்குத் தேர்தல் நடத்து விதிகளின் 59ஏ இடமளித்தது. மின்னணு இயந்திரம் வந்தபோது அந்தப் பாதுகாப்பு நழுவியது. 14 இயந்திரங்களின் வாக்குகளைச் சேர்த்துக் காட்டும் டோட்டலைசர் கருவியைப் பயன்படுத்த 2008இல் ஆணையமே பரிந்துரைத்தது. 2015இல் சட்ட ஆணையம் தனது 255ஆவது அறிக்கையில் அதை வழிமொழிந்தது. ஒன்றிய அரசோ உச்ச நீதிமன்றத்தில் எதிர்த்தது. சாவடிவாரி முடிவு கட்சிகளுக்குப் பயன்படுகிறது என்பது அதன் வாதம். அந்தப் பயனுக்கான விலையைச் சேரி கொடுக்கிறது.

சாவடிவாரிக் கணக்கு மறைந்தால் முறைகேட்டைக் கண்டறிவது எப்படி என்று தோழர்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. ஒவ்வொரு சாவடியிலும் பதிவான மொத்த வாக்குகளைப் படிவம் 17சி தொடர்ந்து காட்டும். அதன் படியை முகவர்கள் பெறலாம். ஒப்புகைச்சீட்டுச் சரிபார்ப்பையும் விரிவாக்க வேண்டும். வேட்பாளர்வாரி முடிவை மட்டும் பல சாவடிகளுக்குச் சேர்த்து வெளியிட்டால், தணிக்கைக்கான வழியை மூடாமலேயே இரகசியத்தைக் காக்க இயலும்.

அதுவரை நம் கையில் இருப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். 2015 திருத்தத்தின்படி, குறிப்பிட்ட வேட்பாளருக்கு வாக்களிக்குமாறு தலித் மக்களை மிரட்டுவது பிரிவு 3(1)(எல்) இன்படி குற்றம். வாக்குப்பதிவுக்குப் பின் தாக்குவதும், சமூக, பொருளாதாரப் புறக்கணிப்புச் செய்வதும், பொதுச்சேவையின் பயனைத் தடுப்பதும் 3(1)(என்) இன்படி குற்றம். தேர்தல் முடிந்த மறுவாரம் ஒரு சேரிக்கு மட்டும் நூறுநாள் வேலையோ குடிநீரோ நின்றால், அதை நிர்வாகக் குறை என்று விட்டுவிடக் கூடாது. தேதியோடு பதிவு செய்யுங்கள், எழுத்தில் புகார் கொடுங்கள், வழக்குப் பதியுமாறு வலியுறுத்துங்கள். மாணவர்கள் கட்சி முகவர்களாக மட்டும் சாவடிக்குப் போகாமல், வாக்கெடுப்புக்குப் பிந்தைய வாரங்களின் சாட்சிகளாகவும் சேரியில் இருக்க வேண்டும்.

அச்சமின்றி வாக்களிக்கும் உரிமை வாக்களித்த மறுநாளும் அச்சமின்றி வாழும் உரிமையையும் உள்ளடக்கியது. சிங்கவரமானாலும் பொன்பரப்பியானாலும், அந்த மறுநாளுக்குப் பொறுப்பேற்காத கட்சிக்குத் தலித் வாக்கைக் கேட்கும் தகுதி இல்லை.