செம்மரம்: வயலில் வளர்ந்தால் காடு பிழைக்குமா?

திருப்பதிக்குப் போகும் பக்தருக்கு சேஷாசலம் ஏழுமலையானின் இருப்பிடம். ஜவ்வாது மலையிலிருந்து லாரி ஏறும் கூலித் தொழிலாளிக்கு அது நாலு காசு கிடைக்கும் இடம். சில சமயம் உயிர் போகும் இடம். 2013 டிசம்பரில் அந்தக் காட்டில் வனத்துறை அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்டனர். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி ஆந்திரக் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் இறந்தனர். அவர்கள் அனைவரும் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தினர்.

இத்தனைக்கும் காரணம் ஒரு மரம். சித்தூர், திருப்பதி, கடப்பா, நெல்லூர் பகுதிகளின் வறண்ட, பாறை நிறைந்த மலைகளைத் தவிர உலகில் வேறெங்கும் செம்மரக் காடு இயற்கையாக இல்லை என்றே சொல்லலாம். வாங்குபவர்களோ சீனாவிலும் ஜப்பானிலும் இருக்கிறார்கள். அங்கே அது அலங்கார மேஜை நாற்காலியாகவும் இசைக் கருவியாகவும் மாறுகிறது. 1995இல் 'சைட்டீஸ்' சர்வதேச உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் செம்மரம் சேர்க்கப்பட்டது. தடை வந்தும் தேவை குறையவில்லை.

காட்டு மரத்துக்குப் பதில் நட்டு வளர்த்த மரத்தை விற்கலாமே என்ற யோசனை நியாயமானதுதான். தொழிற்சாலைகள் மூலப்பொருளுக்கு இயற்கைக் காடுகளை நம்பக் கூடாது, விவசாயிகளிடமிருந்து பெற வேண்டும் என்று 1988ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கையே சொல்கிறது. காகித ஆலைகள் விஷயத்தில் இது ஓரளவு நடந்தும் இருக்கிறது. சவுக்கும் தைல மரமும் நாலைந்து ஆண்டுகளில் வெட்டுக்கு வந்துவிடும். விவசாயி அதுவரை தாக்குப்பிடிப்பார்.

செம்மரம் அப்படி அல்ல. விலை கிடைப்பது உள்ளே இருக்கும் சிவந்த வைரத்துக்கு. அது பாய இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் ஆகும். மிக உயர்ந்த விலை பெறும் அலை அலையான ரேகை எல்லா மரத்திலும் இருப்பதில்லை. அப்பா நட்டால் மகன்தான் வெட்ட வேண்டும். அதற்குள் சட்டம் எத்தனை முறை மாறுமோ?

சட்டம் மாறத்தான் செய்தது. இம்முறை விவசாயிக்குச் சாதகமாக. பட்டா நிலத்தில் வளர்த்த செம்மரத்தை ஏற்றுமதி செய்ய 2019இல் மத்திய அரசு வழி திறந்தது. 2023 நவம்பரில், செம்மர வர்த்தகம் தொடர்பாக இந்தியாமீது 2004 முதல் இருந்துவந்த சிறப்புக் கண்காணிப்பை சைட்டீஸ் அமைப்பு விலக்கிக்கொண்டது.

ஆனால் இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. வயலில் வளர்ந்த கட்டையும் சேஷாசலத்தில் திருடிய கட்டையும் கிடங்கில் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தால் பார்வைக்கு ஒன்றுதான். விவசாயியின் பெயரில் வாங்கிய உரிமத்தில் காட்டு மரம் கப்பல் ஏறலாம். விலையிலும் போட்டி சமமில்லை. விவசாயிக்கு முப்பது ஆண்டுச் செலவு. கடத்தல்காரருக்கு வெட்டுக்கூலியும் லாரி வாடகையும் கொடுக்க வேண்டிய மாமூலும்தான். காட்டுக் காவலைத் தளர்த்தினால் முதலில் நஷ்டப்படுபவர் செம்மரம் நட்ட விவசாயியே.

எனவே நடும்போதே ஒவ்வொரு தோட்டத்தையும் பதிவு செய்ய வேண்டும். எத்தனை மரம், எந்த வயது என்பது வெட்டும் நாளுக்கு முன்பே ஏட்டில் இருக்க வேண்டும். வெட்டும் அனுமதிக்காக விவசாயியை அலைக்கழித்தால் அவரே தரகரைத் தேடிப் போவார். 2001இல் கர்நாடகமும் 2002இல் தமிழ்நாடும் தன் நிலத்துச் சந்தன மரம் தனக்கே சொந்தம் என்ற உரிமையை விவசாயிக்குக் கொடுத்தன. அதன் பிறகுதான் பலர் துணிந்து சந்தனம் நட்டனர்.

செம்மரத் தோட்டம் சந்தைக்கு மரம் தரும். சேஷாசலத்தை அது உருவாக்கித் தராது. ஜவ்வாது மலைக்காரருக்குச் சொந்த ஊரில் வேலையும் தராது. அந்த இரண்டு பொறுப்பும் இரு மாநில அரசுகளுடையவை.