கணக்கு ஒத்தது, பட்டியல் பிழைத்தது



கணக்கில் நேரும் பிழைகள் இருவகைப்படும். ஒன்று வாய்விட்டுக் கத்தும். மற்றொன்று வாய் திறவாது. கணினியின் தரவுத்தளத்திற்கு நாம் எழுதும் வினவலுக்கும் இது பொருந்தும். ஓர் அடைப்புக்குறி விடுபட்டாலோ, ஒரு பத்தியின் பெயர் பிறழ்ந்தாலோ, கணினி வேலையை நிறுத்தி, இன்ன இடத்தில் பிழை என்று எழுதிக் காட்டிவிடும். அவ்வரியையும் அதற்கு முன்வரியையும் ஊன்றிப் படித்தால் குற்றம் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். அஞ்சத்தக்கது மற்றையதே. அது தடையின்றி ஓடும், அழகிய பட்டியலும் தரும், பட்டியல்தான் பொய்யாயிருக்கும்.

அத்தகைய பிழையொன்றைச் சென்ற 2024 ஜூன் திங்களில் நாமே செய்தோம். பள்ளி திறக்கும் நாளை ஒட்டி, மாணவர் உள்ள உறுப்பினர் குடும்பங்களுக்கு நோட்டுப் புத்தகக் கட்டு வழங்குவது சங்கத்தின் வழக்கம். சந்தா செலுத்தினும் செலுத்தாவிடினும் கட்டு உண்டு. பட்டியல் எடுக்கும் பணி நம்மிடம் வந்தது. பொருளாளருக்கு உதவியாயிருக்கட்டும் என்று, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 2023ஆம் ஆண்டுச் சந்தா ரசீதையும் காட்ட எண்ணினோம். குடும்ப அட்டவணையையும் ரசீது அட்டவணையையும் இணைத்தோம். குடும்பங்கள் 52, பட்டியலில் வந்த வரிகளும் 52. பார்சல் அலுவலகத்தில் எண்ணிக்கை ஒத்துவிட்டால் கையொப்பமிட்டுப் பழகிய கை, இங்கும் இட்டுவிட்டது.

மூன்றாம் நாள் மாட்டுங்காவிலிருந்து ஓர் அன்பர் கட்டொன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். "நமக்கு இரண்டு வந்துவிட்டது; வேறெவருக்கோ குறைந்திருக்கும், பாருங்கள்" என்றார். அவர் நேர்மையே நம் கண்ணைத் திறந்தது.

அன்றிரவே ஆராய்ந்தோம். முதலில், வினவலைத் துண்டு துண்டாகப் பிரித்து ஓட்டினோம். குடும்ப அட்டவணை தனியே 52 தந்தது. இணைத்த பின்பு, வரிகளை எண்ணாது வெவ்வேறான குடும்ப எண்களை எண்ணினோம், வந்தவை 49. மூன்று குடும்பங்கள் விடுபட்டிருந்தன. வேறு மூன்று குடும்பங்கள் சந்தாவை இரு தவணையாகச் செலுத்தியமையால், ரசீதுக்கு ஒன்றாக இருமுறை வந்திருந்தன. பட்டியல் ரசீது எண் வரிசையில் இருந்தபடியால் இரட்டைப் பெயர்கள் கண்ணில் படவில்லை. ஒரு பிழையை மற்றொரு பிழை மறைத்துக் கணக்கை ஒக்கச் செய்துவிட்டது!

நிற்க. விடுபட்டமைக்குக் காரணம் யாது? தரவுகளை அட்டவணைகளாக வகுக்கும் இம்முறையை 1970இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த எட்கர் காட் என்னும் அறிஞர் ஒரு கட்டுரையில் விளக்கினார். அவற்றை வினவும் மொழியைச் சேம்பர்லின், பாய்ஸ் என்னும் இருவர் 1974இல் வெளியிட்டனர், இன்று எஸ்.கியூ.எல். என வழங்குவது அதுவே. அதில் 'லெஃப்ட் ஜாயின்' என்று இணைத்தால், ரசீது இல்லாத குடும்பமும் வரும்; ரசீது இருக்க வேண்டிய இடம் மட்டும் வெற்றிடமாகும். இவ்வெற்றிடத்தை 'நல்' என்பர். பெயரில் நல்லதாயினும் இது பொல்லாதது. இது பூச்சியம் அன்று. 'அறியோம்' என்பதே இதன் பொருள். நாமோ, 'ஆண்டு 2023ஆக இருக்க வேண்டும்' என்னும் நிபந்தனையை 'வேர்' என்னும் சொல்லுக்குப் பின் எழுதியிருந்தோம். 'அறியோம்' என்பது 2023க்குச் சமமா என்றால், ஆம் என்றும் சொல்ல இயலாது, இல்லை என்றும் சொல்ல இயலாது. 'வேர்' ஆம் என்ற வரிகளை மட்டுமே உள்ளே விடும். ஆகவே ரசீதில்லாக் குடும்பங்கள் வாயிலிலேயே நின்றுவிட்டன.

திருத்தம் எளிதே. 2023ஆம் ஆண்டு ரசீதுகளைக் குடும்பவாரியாக முதலில் கூட்டி, வீட்டிற்கு ஒரு வரியாக்கினோம். அதன் பின்னரே குடும்ப அட்டவணையோடு இணைத்தோம். 'வேர்' நிபந்தனை இணைப்பிற்கு வெளியே இல்லாமற் போயிற்று. 52 வீடுகளும் ஒருமுறையே வந்தன.

விடுபட்ட மூன்றில் இரண்டு 2024இல் புதிதாய் வந்து சேர்ந்த குடும்பங்கள். மூன்றாவது, தலைவனை இழந்து, சங்கமே சந்தா விலக்கு அளித்த வீடு. உதவி எவருக்கு முதலில் சேரவேண்டுமோ, அவரையே நம் வினவல் விலக்கியிருந்தது. கட்டை நாமே எடுத்துச் சென்றோம். அவ்வம்மையார், "சந்தா கட்டவில்லையே, அதனால் பெயர் இராது என்று எண்ணிக்கொண்டோம், ஐயா" என்றார். கணினியின் மௌனத்தைச் சங்கத்தின் தீர்ப்பென்றே கொண்டுவிட்டார். பிழை நம்முடையது என்று கூறி மன்னிப்புக் கேட்டோம்.

தம் அலுவலகத்திலோ கடையிலோ இவ்வேலை செய்யும் இளைஞர்களுக்கு நாம் கூறுவது இது: வரியை எண்ணாதீர்கள், ஆளை எண்ணுங்கள். இணைப்பிற்கு முன்னும் பின்னும் எண்ணுங்கள். வெற்றிடம் எங்கெங்கு வரக்கூடும் என்று முன்னரே கேளுங்கள். இறுதியாக, பட்டியலில் உள்ளோரைச் சரிபார்ப்பதோடு நில்லாது, இல்லாதோர் யார் என்று தனியே ஒரு பட்டியல் எடுங்கள். பெயர் இல்லாதவர் வந்து கேட்கமாட்டார். நாம்தான் தேடிச் செல்ல வேண்டும்.