உடம்புக்குப் பாதி, பணத்துக்குப் பூஜ்யம்

ஒரே சட்டத்தின் இரண்டு பிரிவுகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் படித்துப் பாருங்கள் தோழர்களே. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. 2017 ஏப்ரல் 19-லிருந்து நடைமுறையில் இருப்பது. அதன் 6-ஆம் பிரிவு, ஊனமுற்ற ஒருவரை ஆராய்ச்சிக்கு உட்படுத்துவதென்றால் அவருடைய சம்மதம் வேண்டும், அதோடு ஒரு குழுவின் முன் அனுமதியும் வேண்டும் என்கிறது. அந்தக் குழுவில் பாதிக்குக் குறையாதவர்கள் ஊனமுற்றவர்களாகவோ, அவர்களுடைய பதிவு பெற்ற அமைப்பின் உறுப்பினர்களாகவோ இருக்க வேண்டும். நல்லது. போராடி வாங்கியது, குறை சொல்ல மாட்டேன். அப்படியே 28-ஆம் பிரிவுக்கு வாருங்கள். ஊனமுற்றோர் வாழ்க்கையை மேம்படுத்தும் ஆராய்ச்சிகளைத் தனியாட்கள் மூலமும் நிறுவனங்கள் மூலமும் அரசு செய்விக்க வேண்டும். அம்புட்டுத்தான். எந்த ஆராய்ச்சிக்குப் பணம், எவனுக்குப் பணம் என்று தீர்மானிக்கிற மேஜையில் ஊனமுற்றவர் எத்தனை பேர்? பேச்சே கிடையாது.

உன் உடம்பைத் தொட்டுச் சோதிக்க உன் ஆட்கள் பாதிப்பேர் ஒப்ப வேண்டும். உன் பேரைச் சொல்லிக் கஜானாவைத் திறக்கும்போது மட்டும் நீ வாசலில் நில்லு.

கஜானா சின்னதில்லை. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2005-ல் சிறு நிறுவனங்களின் ஆராய்ச்சிக்கென்று ஒரு திட்டம் தொடங்கியது. அமெரிக்காவில் 1982-ல் சட்டமான ஒரு திட்டத்தின் பெயரை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டது அது. 2012-ல் இதற்காகவே பைராக் என்ற அரசு நிறுவனம் வந்தது. புதுக் கருவி செய்கிறேன் என்று வருகிற இளம் கம்பெனிக்கு, பதினெட்டு மாதத்தில் செலவழிக்க, ஐம்பது லட்சம் வரை மானியம். கடனல்ல, மானியம். அறிவியல் தொழில்நுட்பத் துறையில் ஊனமுற்றோருக்கும் முதியோருக்குமான தொழில்நுட்பத்துக்கென்று டைட் என்ற தனித் திட்டமே உண்டு. சக்கர நாற்காலி, செயற்கைக் கால், பேசும் கருவி எல்லாம் இப்படிப்பட்ட பணத்தில்தான் பிறக்கின்றன அல்லது பிறக்காமலே போகின்றன.

விண்ணப்பத்தைப் படித்து மார்க் போடுகிறவருக்குப் பெயர் நிபுணர். நிபுணராக வழக்கமாகக் கேட்கப்படுவது என்ன? முனைவர் பட்டம், ஆங்கிலத்தில் கட்டுரைகள், காப்புரிமை, வகித்த பதவி. இதில் எத்தனை வருஷம் தவழ்ந்தாய், எத்தனை கட்டையை உடைத்தாய், பஸ்ஸில் ஏற எத்தனை பேர் தோளைப் பிடித்தாய் என்ற கட்டம் இருக்காது.

நான் பேங்கில் குப்பை கொட்டுகிறவன். கறவை மாட்டுக் கடன் பார்த்திருக்கிறேன். மாட்டின் பல்லைப் பார்த்து வயசு சொல்ல, மடியைத் தொட்டுப் பால் சொல்ல, கடன் கேட்டு வந்த கிழவிக்குத் தெரியும். ஃபீல்டு ஆபீசருக்குத் தெரியாது. அவர் கிழவியிடம் கேட்டுத்தான் படிவத்தை நிரப்புவார். மதிப்பீட்டாளர் என்ற இடத்தில் கையெழுத்து மட்டும் அவருடையது. அறிவு ஒருத்தியிடம், அதிகாரம் இன்னொருத்தனிடம். நிபுணத்துவம் என்று இவர்கள் சொல்வதில் முக்கால்வாசி இதுதான்.

கேட்டால் ‘தகுதி’ என்பார்கள். 1990-ல் மண்டலுக்கு எதிராகத் தெருவில் கூச்சல் போட்டவர்கள் வாயிலிருந்தும் இதே சொல்தான் வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர் மின்சுற்று வரைபடத்தை மதிப்பிடுவாரா என்று கேட்பான் ஒரு புத்திசாலி. மாட்டார் ஐயா. அதற்கு இன்ஜினியர் இருக்கட்டும், வேண்டாமென்று யார் சொன்னது? மேலூர்ப் பக்கம் பெரியாறு வாய்க்கால் தண்ணி பாய்கிற வயல் வரப்பில் அந்தச் சக்கரம் இறங்குமா, திருமங்கலம் கரிசலில் மழைக்கு மறுநாள் நகருமா, உசிலம்பட்டி பஞ்சர் கடைக்காரன் அதைக் கழற்றி மாட்டுவானா, வீட்டில் கக்கூஸ் இல்லாத பெண் அதை வைத்துக்கொண்டு விடியுமுன்னே எங்கே போவாள்? இதுவும் தொழில்நுட்பக் கேள்விதான். இதற்கு மார்க் போட இன்ஜினியருக்குத் தகுதி இல்லை.

ஜெய்ப்பூர் கால் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மேல்நாட்டுச் செயற்கைக் காலை வைத்துக்கொண்டு குந்த முடியாது, சம்மணம் போட முடியாது, வெறுங்காலோடு சேற்றில் நடக்க முடியாது. 1960-களின் கடைசியில் ஜெய்ப்பூரில் ராம் சந்தர் சர்மா என்ற கைவினைஞர், அதிகம் படிக்காதவர், ரப்பரை வைத்து ஒரு பாதம் செய்தார். கூட நின்றவர் டாக்டர் சேத்தி. அந்தக் காலை மாட்டிக்கொண்டு குந்தலாம், சேற்றிலும் நடக்கலாம். 1981-ல் மகசேசே விருது டாக்டருக்குப் போனது. டாக்டர் உழைக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் சர்மா தனியாக ஒரு விண்ணப்பத்தோடு இன்றைய குழு முன்னால் போய் நின்றிருந்தால் முதல் கட்டத்திலேயே கிழித்துப் போட்டிருப்பார்கள்.

நம்ம மாவட்டத்துக்கே வருவோம். பேரையூர்ப் பக்கம் உத்தப்புரம். தலித்துகளின் தெருவை மறித்து 1989-ல் எழுந்த சுவர், 2008 மே 6-ல்தான் ஒரு பகுதி இடிக்கப்பட்டுப் பாதை விடப்பட்டது. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் கால் நடக்காத ஒருத்தர் இருந்திருந்தால் அவருடைய நாற்காலிக்கு எவ்வளவு தூரம் சுற்று? சோதனைக்கூடத்துச் சமதளத்தில் சக்கரத்தை உருட்டிப் பார்க்கிறவன் மேடு பள்ளம் போடுவான், மணல் போடுவான், ஈரம் போடுவான். சாதியைப் போடுவானா? செருப்புப் போட்டு நடந்தாலே முறைக்கிற தெருவில் மோட்டார் வைத்த நாற்காலியில் எங்கள் ஆள் போனால் என்ன நடக்கும் என்று அவனுடைய படிவத்தில் ஒரு வரி கிடையாது. எழுதத் தெரிந்தவர் அந்த அறையில் இல்லை.

அடுத்தவனுக்காக நானே பேசுகிறேன் என்பது பழைய பாட்டு. வட்டமேஜை மாநாட்டுக்கு அம்பேத்கரும் நம்ம இரட்டைமலை சீனிவாசனும் போயிருந்தபோது, 1931-ல் அங்கே வந்த காந்தி, தீண்டப்படாதவர்களின் பிரதிநிதி நானே என்றார். ஹரிஜன் என்று பேரும் வைத்தார். 2015-ல் பிரதமர் ரேடியோவில் ஊனமுற்றவர்களுக்கு ‘திவ்யாங்’ என்று பேர் சூட்டினார். தெய்வாம்சம் பொருந்திய அங்கமாம். தெய்வத்துக்குக் கமிட்டியில் இடம் தேவைப்படாதுதானே!

அமெரிக்காவை முன்மாதிரி காட்ட எனக்கு ஆசையில்லை. ஆனாலும் அங்கே 1973-ஆம் வருஷத்து மறுவாழ்வுச் சட்டம், பின்னால் வந்த திருத்தங்களோடு, ஊன ஆராய்ச்சி நிதிக்கான விண்ணப்பங்களை மதிப்பிடும் குழுவில் விஷயம் தெரிந்த ஊனமுற்றவர்களும் அவர்களுடைய பெற்றோர், குடும்பத்தாரும் இடம்பெற வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது. தேவையானால் பயிற்சி கொடு என்றும் இருக்கிறது. நடைமுறை எப்படியோ, எழுத்திலாவது இருக்கிறது. நம்ம 28-ஆம் பிரிவில் எழுத்திலும் இல்லை.

ஒருவரைச் சேர்த்துவிட்டோம் என்று கணக்குக் காட்டுவார்கள், அதையும் பார்க்க வேண்டும். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தலைவர் நாற்காலி 1996-லேயே தலித்துக்கு ஒதுக்கப்பட்டது. பத்து வருஷம் ஒருவரையும் உட்காரவிடவில்லை. உட்கார்ந்தவரையும் ராஜினாமா எழுத வைத்தார்கள். 2006 அக்டோபரில்தான் உருப்படியாகத் தேர்தல் நடந்தது.

இன்னொன்று. அரவிந்த் கண் மருத்துவமனையை 1976-ல் மதுரையில் பதினொரு படுக்கையோடு தொடங்கிய டாக்டர் வெங்கடசாமியின் விரல்கள் முடக்குவாதத்தில் கோணிப்போனவை. அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி ஆயிரமாயிரம் கண்களுக்கு அறுவை செய்தார். பெரிய மனுஷன். ஆனால் விரல் கோணுவதற்கு முன்பே அவர் டாக்டர். சிவகாசிப் பக்கம் பட்டாசு வெடித்து விரல் போன பெண்ணிடம் பட்டம் இல்லை. ஊனமுற்றவர் என்று தேடும்போதும் ஆங்கிலம் தெரிந்த, பட்டணத்து, மேல்சாதி வீட்டு ஊனமுற்றவரையே கண்டுபிடித்துக்கொண்டு வந்தால் அதுவும் பழைய கமிட்டிதான்.

ஆகவே கேட்கிறோம். 6-ஆம் பிரிவில் உள்ள பாதிக் கணக்கை நிதி கொடுக்கிற குழுவுக்கும் கொண்டுவா. அந்தப் பாதிக்குள் தலித்துகளுக்கும் பழங்குடிகளுக்கும் பெண்களுக்கும் பங்கு வை. நிபுணர் வேண்டும் என்ற அறிவிப்பை இணையத்தில் மட்டும் போடாமல் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் தமிழில் ஒட்டு. விண்ணப்பச் சுருக்கத்தைத் தமிழில் கொடு. பார்வையற்றவருக்கு வாசித்துக் காட்டும் கோப்பாகக் கொடு, ஸ்கேன் பண்ணிய படமாகக் கொடுக்காதே. காதுகேளாதவருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும். பேராசிரியருக்கு எவ்வளவு சன்மானமோ அதே தொகை கூலி இழந்து வருகிறவருக்கும், துணைக்கு வருகிறவருக்குப் பயணப்படியும். கூட்டத்தை மாடியில் வைக்காதே.