வில்லும் விசையும்

வட்டக்கச்சிப் பக்கத்தில் மோட்டார் வண்டி வைத்திருப்போரிடையே ஓயாத விவாதம் ஒன்றுண்டு. தளர்ந்துபோன வில்லை வீட்டு முற்றத்திலேயே மாற்றிவிடலாமா, அன்றிக் கராச்சுக்குக் கொண்டுபோய்க் கூலி கொடுத்தே தீரவேண்டுமா என்பதே அது. வாய்க்காற்கரைகளிலும் வயற்பாதைகளிலும் நெல்மூட்டை சுமந்து ஓடும் வண்டிகளின் வில்லுக்கு ஆயுள் குறைவு; ஆதலின் கேள்வி அடிக்கடி எழுகிறது.

நாமே செய்துகொள்வோம் என்னும் பிடிவாதத்துக்கு இம்மண்ணில் வரலாறு உண்டு. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் உதிரிப்பாகம் எட்டாக்கனி. ஒஸ்ரினையும் மொறிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓட்டி, கைக்குக் கிடைத்ததைக் கொண்டே நம்மவர் அவற்றை உயிரோடு வைத்திருந்தனர். 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025இலேயே மீண்டது. இடையில் பழைய வண்டிகள் மேலும் பழையனவாயின. இத்தகையோரைப் பார்த்து, “உமக்கேன் இந்த வேலை?” என்று கேட்பது நியாயமன்று.

ஆயினும் வில்லெல்லாம் ஒரே வில் அல்ல. 1947இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ40 வண்டியைப் பாருங்கள்: முன்னே சுருள்வில், பின்னே அடுக்குத் தகட்டுவில். தகட்டுவில்லின் வேலை பொறுமையுள்ளவனுக்கு எட்டும். சட்டத்தை உயர்த்தி, உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, அச்சுக்கும் முட்டுக் கொடுத்தால் தகட்டின் சுமை பெரும்பாலும் நீங்கிவிடும். ஜக்கை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே நுழைதல் ஆகாது. அடுக்கைப் பிரிக்க நேர்ந்தால், நடு ஆணியைக் கழற்றுமுன் கவ்வியால் இறுக்குதல் வேண்டும். (முறிந்த தகட்டை எறிந்துவிடாதீர்கள், நல்ல கத்திக்கு அதைவிடச் சிறந்த உருக்கைக் கொல்லர் தேடுவதில்லை.)

சுருள்வில்லின் கதை வேறு. நீட்சிக்கேற்ப விசை என்று றொபேட் ஹூக் 1678இல் எழுதிவைத்த விதியை மாணவர் அறிவர். ஒரு மில்லிமீற்றர் அமுங்க 3 கிலோ பாரம் வேண்டும் வில்லொன்றைக் கணக்குக்காகக் கொள்வோம். அதனை 150 மில்லிமீற்றர் அமுக்கினால் எதிர்த்துத் தள்ளும் விசை 450 கிலோப் பாரத்துக்குச் சமம். அதனுள் அடங்கிய ஆற்றலோ, 10 கிலோக் கல் மூன்று மீற்றருக்கு மேலான உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பாகும். இக்காலச் சிறு கார்களின் முன்புறத்தில் வில்லும் அதிர்வு தாங்கியும் ஒரே தூணாக இணைந்துள்ளன. தூணைக் கழற்றி நிலத்தில் வைத்தாலும் வில் அமுங்கியபடியேதான் இருக்கும். உச்சி நட்டைத் திருகியெடுத்தால் அத்தனையும் ஒரு நொடியில் வெளிப்படும். விளக்குப் பிடித்துக் குனிந்து நிற்கும் பிள்ளையின் முகமும் அவ்விடத்திலேதான் இருக்கும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு. நாம் சொல்வது அதைத்தான். நட்டைத் தொடாது தூணை மட்டும் வீட்டில் கழற்றுங்கள். இடம் வலம் இரண்டையும் கராச்சுக்குக் கொண்டுசென்று, வில்லை மட்டும் மாற்றுவித்து வாருங்கள். கூலியிற் பெரும்பகுதி மிஞ்சும். பூட்டியபின் சில்லுகளை நேர்படுத்தும் செலவை மிச்சம் பிடிக்க எண்ணாதீர்கள். ரயரின் விலை அதைவிடப் பெரிது. கராச்சிலும் முதலில் வில் அமுக்கும் கருவி உண்டா என்று கேளுங்கள். கம்பியாற் கட்டிச் சமாளிக்கலாம் என்று பதில் வந்தால், தூண்களைத் தூக்கிக்கொண்டு வேறிடம் செல்லுங்கள்.