இரண்டு கல்லா, ஒரே பெயர்

என் அண்ணன் மகள் போன வாரம் வந்திருந்தாள். கைக்குழந்தையோடு மல்லாடிக்கொண்டே சத்துமாவு வறுத்து அரைத்து, இணையத்தில் விற்கிறவள். கெட்டிக்காரி. காபியைக்கூடத் தொடாமல், "அத்தே, ஒரு சந்தேகம்" என்று ஆரம்பித்தாள்.

கார்டில் பணம் வாங்க அவளுக்கு இரண்டு பேமென்ட் கம்பெனிகளில் கணக்கு உண்டு. ஒன்று மக்கர் பண்ணினால் மற்றது கைகொடுக்குமே என்று. அவளுடைய சிநேகிதி உடம்பு இளைக்க மாத்திரை விற்கப் போகிறாளாம். அவளுக்குக் கணக்குத் தர மறுத்துவிட்டார்களாம். "உன்கிட்டதான் ரெண்டு இருக்கே, ஒண்ணை எனக்கு விடேன்" என்கிறாளாம்.

"கொடுக்கலாமா அத்தே?"

"கூடவே கூடாதும்மா!" என்றேன். காரணத்தை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

கணக்கு இரண்டானாலும் பதிவு தனித்தனி. விற்பவர் யார், பொருள் என்ன என்று விசாரித்த பிறகே சேர்க்க வேண்டும் என்று 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி இந்தக் கம்பெனிகளுக்கு விதி செய்தது. வியாபாரத்துக்கு ஏற்ப நாலு இலக்க எண்ணும் உண்டு. மளிகைக்கு 5411, மருந்துக் கடைக்கு 5912. இணையத்தில் மருந்து, புகையிலை விற்பது, சூதாட்டம் நடத்துவது போன்றவற்றுக்கு, பணம் வாங்கித் தரும் வங்கி மாஸ்டர்கார்டிடம் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். இரண்டு வங்கிகள் என்றால் இரண்டுமே செய்ய வேண்டும். ஒன்றில் பதிந்தது மற்றதற்குச் செல்லாது.

மாவு என்று பதிந்த கணக்கில் மாத்திரைப் பணம் வந்தால் அது மோசடிதான். மாத்திரை வாங்கியவர் தம் வங்கியில் புகார் செய்தால், பணத்தைத் திருப்பி எடுப்பது இவள் கணக்கிலிருந்துதான்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. இப்படிப்பட்ட காரணத்துக்காக ஒரு வங்கி நம்மை நீக்கினால், மாஸ்டர்கார்டின் 'மேட்ச்' என்ற பட்டியலில் ஏற்றிவிடும். ஐந்து வருஷம் பெயர் அதில் இருக்கும். புதிதாக யாரையும் சேர்க்குமுன் மற்ற வங்கிகள் அதைப் பார்க்கும். கடைப் பெயரை மாற்றியும் பயனில்லை, உரிமையாளர் பெயரும் அதில் உண்டு. இன்னொரு கல்லா இருக்கிறதே என்ற தைரியம் அங்கே பலிக்காது.

வீட்டிலிருந்து விற்கும் சகோதரிகளே, எல்லாக் கணக்கிலும் ஒரே கடைப் பெயர், ஒரே முகவரி கொடுங்கள். புதுப் பொருள் சேர்த்தால் இரண்டு கம்பெனிக்கும் எழுதித் தெரிவியுங்கள். வாடிக்கையாளரின் ஸ்டேட்மென்டில் உங்கள் கடைப் பெயர் விளங்கும்படி வருகிறதா என்று கேளுங்கள். புரியாத பெயர் வந்தால், 'நான் வாங்கவில்லையே' என்று புகார் போகும்.

"கோவிச்சுப்பாளே அத்தே!"

"கோவிச்சுக்கட்டும். ரெண்டு டம்ளர் மாவு வேணும்னா கடன் கொடு. கல்லாவைக் கொடுக்காதே. அந்த மாத்திரையை டாக்டரைக் கேட்காம விற்காதேன்னும் சொல்லு."

காபி ஆறிப்போயிருந்தது. சுட வைத்துக் கொடுத்தேன்.