ஆபரேஷன் ஆன பூனைக்கு ஏன் இந்தச் சண்டை?

"ஆபரேஷன் பண்ணியாச்சு, இனிமேல் வீட்டோடு கிடக்கும்" என்றுதான் நானும் நிம்மதியாக இருந்தேன். எங்கள் கடுவன் பூனை சின்னான் ஒரு நாள் காலை நொண்டிக்கொண்டு வந்தது. முள் குத்தியிருக்கும் என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் சோற்றைத் தொடவில்லை. தூக்கிப் பார்த்தால் உடம்பு கொதிக்கிறது. முன்னங்காலுக்கு மேலே எலுமிச்சங்காய் அளவு வீக்கம்!

கால்நடை டாக்டர் ரோமத்தை விலக்கிக் காட்டினார். கடுகளவில் இரண்டே துளை. பூனைப் பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்கும். மேல்தோல் சீக்கிரமே மூடிக்கொள்ள, உள்ளே போன கிருமி சீழ் கட்டிவிடுமாம்.

"ஆபரேஷன் பண்ணியும் ஏன் டாக்டர் சண்டை?" என்றேன்.

பெட்டையைத் தேடி அலைவதும், அதற்காகச் சண்டை போடுவதும் பெரும்பாலும் குறையும். அதுவும் மறுநாளே அல்ல, சில வாரங்கள் ஆகும். ஆனால் 'என் வாசல், என் சோற்றுத் தட்டு' என்ற குணம் போகாது. நம் பூனை சும்மா இருந்தாலும், ஆபரேஷன் ஆகாத வெளிக்கடுவன் விடாது என்றார்.

எங்கள் ஒகேனக்கல்லில் கேட்கவே வேண்டாம். மீன் வறுக்கும் இடமெல்லாம் பூனைக்கூட்டம். நானும் மீன் கழுவிய கழிவைக் கொல்லையில் கொட்டி, ஊர்ப் பூனைகளுக்கெல்லாம் விருந்து வைத்திருக்கிறேன்!

கட்டியைக் கீறி, ஊசி போட்ட பிறகு டாக்டர் கேட்டார்: "வீட்டில் யாரையாவது பிறாண்டியதா?" அப்போதுதான் சின்னவன் மெல்லக் கையை நீட்டினான். சண்டையை விலக்கப் போயிருக்கிறான்; பாட்டி மஞ்சள் வைத்து மறைத்திருக்கிறார். எனக்குக் கை கால் ஓடவில்லை. வெறிநோய் நாயால் மட்டுமல்ல, பூனையாலும் வரும். வந்துவிட்டால் பிழைப்பது மிக அரிது. அன்றே அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடித் தடுப்பூசியை ஆரம்பித்தோம். இலவசம்தான்.

சகோதரிகளே, நான் பட்டுத் தெரிந்துகொண்டவை இவை:

பூனைக்குச் சோறு வீட்டுக்குள்ளேயே வையுங்கள். மீதியை வெளியே விடாதீர்கள். மீன் கழிவைப் புதையுங்கள்.

பொழுது சாய்ந்ததும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்துங்கள். சண்டை அதிகமும் இரவில்தான்.

சண்டையில் கையை விடாதீர்கள். ஒரு செம்பு தண்ணீரை வீசினால் போதும்.

வெளியே போய் வரும் பூனையைத் தினமும் தடவிப் பாருங்கள். நொண்டல், வீக்கம், சோறு மறுத்தல் இருந்தால் டாக்டரிடம் போங்கள். நாம் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள்; பூனைக்கு அது விஷம்.

குட்டிக்கு மூன்று மாதமானதும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, வருடா வருடம் தொடருங்கள்.

குழந்தையைக் கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம்.

சின்னான் இப்போது இரவில் அடுப்படி மூலையில்தான் படுக்கிறது. சின்னவனும் எதையும் மறைப்பதில்லை. சொன்னால் அம்மா திட்டமாட்டாள் என்று தெரிந்துவிட்டதே!